ஒரு ‘ஸ்’

ஞானஸ்நான ஏட்டில் அவன் யூதா ததேயு.
மூன்று பிள்ளைகளை மணலுக்குக் கொடுத்த பிரகாசி
ஒன்பது நாள் நவநாள் இருந்து
கைவிட்ட காரியங்களின் புனிதரிடம் கேட்டு வாங்கிய பேர்.
தங்கச்சிமடம் அதைப் பாதியாக நறுக்கியது.
மிச்சப் பாதியில், எப்போதென்று தெரியாமல்,
ஒரு ‘ஸ்’ வந்து மாட்டிக்கொண்டது
உதட்டில் தூண்டில் மாதிரி.

அந்தச் சொல்லுக்கு இங்கே கோயில் தேவையில்லை.
நடுக்கடலில் நின்றுபோகும் எஞ்சினுக்கு அதுதான் பேர்.
கரை மறைந்ததும் டவரை விடும் போனுக்கும்.
பைபிளைத் தொட்டுப் பார்த்திராத டீக்கடை சீனி நைனா
பால் திரிந்தால் சட்டியிடம் சொல்வார்,
“அட யூதாசே.”
ஐஸ் கம்பெனி முத்திருளாயி அவள் மருமகனை.
தோட்டம் மறந்துபோச்சு, முத்தம் மறந்துபோச்சு.
சொல் மட்டும்
சில்லறையாய்க் கைமாறிக்கொண்டிருக்கிறது.

மாசியில் ஒரு புதன்கிழமை
மீன்துறை ஆபீசுக்கு ஒரு போன் போனது.
எந்தெந்தப் படகு இரட்டைமடி இழுக்கிறது,
வலை எந்த ஐஸ்பெட்டிக்கு அடியில்,
எல்லாம் துல்லியமாக.
விடியுமுன் ஜெட்டியில் நாலு படகைப் பிடித்துக் கட்டினார்கள்.
சங்கத்தில் யாரும் விசாரிக்கவில்லை.
பேர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

“நானில்லை” என்றான் ததேயு, ஒரேயொரு தடவை,
டீ கிளாசைப் பார்த்து.
அதற்குப்பின் எந்தப் படகிலும் அவனுக்குப் பங்கில்லை.

குருத்தோலை ஞாயிறு வாசகத்தில்
பன்னிரண்டு பேரும் “நானோ, நானோ” என்று கேட்கும் இடத்தில்
எனக்கு இருமல் வந்தது.

முப்பது வெள்ளி யாரும் தரவில்லை எனக்கு.
பண்டிகைப் பங்கில் நானூறு பிடித்தான் ஓனர் சவேரிமுத்து,
அதுவா,
மடியைக் கொட்டியபோது
நகக்கண் அளவு நண்டுக்குஞ்சுகள்
தளம் முழுக்க நடந்தனவே, அதுவா.
ரெண்டும்தான் என்று சொன்னால்
சுலபமாகிவிடும்.

இப்போது அவன் கூலிக்குக் காரல் காயப்போடுகிறான்.
வெயிலில் அது வெள்ளியாய்த்தான் மின்னுகிறது,
யாராலும் எண்ணிவிட முடியாத வெள்ளி.
நேற்று ஒரு பொடியன்
பந்தைத் தராத கூட்டாளியைப் பார்த்துக் கத்தினான்:
“டேய் யூதாஸ்!”
ததேயு குனிந்தது குனிந்தபடி இருந்தான்.
நான்தான் திரும்பினேன்.

அதை அவன் பார்த்துவிட்டான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு, “காக்கா வருது, விரட்டு” என்றான்.
கையை வீசினேன்.
காக்கா போகவில்லை.