கடல் தெரியாத அறை

அண்ணன் மோல்ரா என்கிறான்.
வரைபடத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துத் தேடினேன்.
இத்தாலியின் சப்பாத்துக்குக் கீழே
ஆரோ காலால் எத்திவிட்ட கல்லுப் போலக் கிடந்தது.

வருசத்தில் முந்நூறு நாள் வெயிலாம்.
குரல்பதிவில் அவன் இதைச் சொன்னபோது
மல்லாவிச் சந்தியில் பகல் ஒன்றரை மணி.
கடைத் தகரம் வெடித்து வெடித்துச் சத்தம் போடுகிறது.
மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டு நிற்கிறது.
மூன்று கொப்பிக்கு ஒருமுறை தாள் சிக்குகிறது.
"வெயிலுக்கு ஆரும் காசு குடுப்பினமோ, அண்ணை?"
ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து யூரோ என்றான்,
காலைச் சாப்பாட்டோடு.

அவனுடைய பயணப் பத்திரம்
எல்லா நாட்டுக்கும் செல்லும்,
ஒன்றைத் தவிர.
அந்த ஒன்றுக்குள் நான் இருக்கிறேன்.
ஆகவே மோல்ரா.

வைகாசி முதல் கிழமை என்றான்.
பொறு, குளத்துக் கூட்டம் முடியட்டும்,
சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணி என்று தெரியாமல்
டிக்கெட் போடாதே என்றேன்.
விமானக் கொம்பனிக்கு
வவுனிக்குளத்தின் நீர்மட்டம் விளங்காது என்றான்.
அறையில் அடுப்பு இருக்குமோ என்று கேட்டேன்.
பேர்ண் நகரத்து உணவகத்தில்
பதினாலு வருசமாய்ச் சட்டி கழுவி, பிறகு சட்டி பிடித்தவன்
கத்தினான்:
"ஏழு நாளும் ஒரு சட்டியும் தொடமாட்டன், நீயும் தொடாதை!"
சரி.
ஆனாலும் ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கொண்டுபோவேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் பயண நோக்கம் கேட்கிறார்கள்.
உறவினரைப் பார்த்தல் என்று ஒரு பெட்டி,
சுற்றுலா என்று ஒரு பெட்டி.
அந்தத் தீவில் எனக்கு உறவினர் எவருமில்லை.
சுற்றுலா.
திரும்பி வருவாய் என்பதற்கு என்ன சாட்சி?
காணி உறுதி எந்தக் காட்டில் எந்த மண்ணுக்குள் போனதோ.
வீட்டுக்காரர் தவசீலன் யோசித்துவிட்டுச் சொன்னார்,
"மெசினுக்கு இன்னும் பத்தொன்பது மாதம் லீசிங் கிடக்கு.
அதை வை. அதைவிடப் பெரிய சாட்சி இல்லை."
வைத்தேன்.

பிறகு அறைப் படங்கள் வந்தன.
திரைச்சீலை, இரண்டு கட்டில்,
கண்ணாடிக் கதவு நிறையக் கடல்.
நீலம்.
விளம்பரத்துக்கென்றே பிடித்து வைத்த நீலம்.
நாற்பது யூரோ கூட, ஆனால் கட்டிலில் கிடந்தே கடல் பார்க்கலாம் என்றான்.

"பின்பக்க அறை மலிவெண்டால்
அதை எடண்ணை."

எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.
நின்றது.
திரும்பவும் காட்டியது.
ஒரு மாமா விதானையாரின் கடிதத்துக்கு
ஆறு கொப்பி எடுத்து, மிச்சக்காசு வாங்கி, போயும்விட்டார்.
நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கடைசியாய்க் கடல் பார்த்தது
எந்த மாதம், எந்த மணல் என்று
அவனும் கேட்கவில்லை.

கடைசியில் வந்தது:
"பின்பக்கத்தில குப்பைத்தொட்டியும்
ஒரு எலுமிச்சை மரமும்தான் தெரியுமாம்."

"தேசி மரமோ? காணும்," என்று போட்டேன்.

இருட்டின பிறகு,
கடை பூட்டமுன்,
என் கடவுச்சீட்டைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
கொப்பிக் கணக்கில் என் பெயருக்கு
இருபது ரூபாய் எழுதினேன்.
மூடி சரியாகப் பொருந்தாத மெசின்.
வெளிச்சம் விளிம்பால் கசிந்து
சுவரில் ஒருக்கால் போய்,
திரும்பி வந்தது.