அறுபத்தொன்பது புள்ளி இரண்டு

நாளை லீமாவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள்.
அரெகிபா போர்வைக்குள் போய்விட்டது.
கட்டுமானப் பொறியியல் துறையில்
ஒரு குழல்விளக்கும் நானும்தான் மிச்சம்.

எங்களுக்குப் பதினொரு விளைவுகள்.
படித்து வெளியே போகிறவன்
என்னென்ன செய்யக்கூடியவன் என்று
பதினொரு வாக்கியங்கள்.
நூற்றுக்கு எழுபது பேர் எட்டிவிட்டால்
வாக்கியம் உண்மை.

எட்டாவது, அறம்.
முப்பத்தொன்பது பேரில் இருபத்தேழு பேர்.
அறுபத்தொன்பது புள்ளி இரண்டு.

துறைத்தலைவர் ரிவேரோஸ் போனில் சொன்னார்:
"நில்டா, ஒரே ஒரு பிள்ளையை மேலே ஏற்று.
யாருக்கு என்ன நஷ்டம்?"
போனை வைத்தபிறகுதான் சிரிப்பு வந்தது.
அறத்தில் தேற
எங்களுக்கு ஒரு பொய் குறைகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இவர்களுக்கு மூன்று சோறு வேண்டும்:
நல்ல தாள், நடுத்தரம், மோசம்.
மோசத்தைத் தேடியபோது கையில் வந்தது
வில்பர் ஹுவாராக்காவின் கான்கிரீட் அறிக்கை.

இருபத்தெட்டு நாள் நீரில் கிடந்த உருளைகள்.
முதல் இரண்டும் நொறுங்கிய அளவு எழுதியிருக்கிறது.
மூன்றாவது கட்டம் காலி.
அடியில் பென்சிலில்:
தூக்கும்போது கீழே போட்டுவிட்டேன்.
அளக்கவில்லை.

அதே குழுவின் மற்ற நால்வரிடமும்
மூன்றாவது எண் இருக்கிறது,
அச்சு அசலாய் ஒன்றுபோல,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை.

நால்வருக்கும் நிலை நான்கு.
வில்பருக்கு நிலை ஒன்று.
கையெழுத்து என்னுடையது.

அறத்தை நாங்கள் அளப்பது
ஏழாம் பருவத் தேர்வின் ஐந்தாம் கேள்வியில்.
நால்வரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.
வில்பர் இரண்டு வரி எழுதித் தோற்றவன்.

அவனை ஏற்றிவிட்டால் போதும்,
எழுபதைத் தாண்டிவிடும்.
நியாயமும் அதுவே.
ரிவேரோஸ் கேட்டதும் அதுவே.
இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்ததில்
கை நெடுநேரம் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது.

நிலம் நடுங்குகிற ஊர் இது.
இந்த ஐவரும் நாளை
எதையாவது கட்டத்தான் போகிறார்கள்.

முதலில் நால்வரை இறக்கினேன்.
ஆறாவது விளைவும் சரிந்தது, அறுபத்தைந்துக்கு.
எட்டாவதைத் தொடவில்லை.

குறைவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
வருடாவருடம் அதில்
"கூடுதல் பயிற்சி தேவை" என்று போடுவோம்.
இந்த முறை
யாருக்கு என்றும் எழுதினேன்:
நில்டா சோக்கெவாங்கா, ஆய்வகப் பொறுப்பாளர்.

ஒன்பது மணிக்கு வருவார்கள்.
காப்பிக்குச் சொல்லியாயிற்று.