நான்கு நொடி

அமைச்சரின் கழுத்துப்பட்டியில் மைக்கைச் செருகியது நான்தான்.
காலையில் சவரக்கத்தி கீறிய சிவப்புக் கோடு ஒன்று
காலருக்கு மேலே தெரிந்தது.
கூசுகிறது என்றார் அன்செல்மு கின்டேலா.
எல்லோரும் சொல்வதுதான்.

லிஸ்பனில் அன்று மூன்றாம் நாளாக மழை.
எதிர் நாற்காலியில் கிளாரிஸ் வில்யேனா.
அவருடைய இடது புருவம் உயர்ந்தால்
ஒரு துறைக்கு ஆள் மாறும் என்பார்கள்.
நாற்பது நிமிடம் விடவில்லை.
வடக்கே கவிழ்ந்த படகு எத்தனை வருடப் பழசு,
தகுதிச் சான்றிதழில் யார் கையெழுத்து,
ஏழு குடும்பத்தின் காப்பீட்டுப் பணம்
எந்த மேசையில் உறங்குகிறது.
அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார்.
கேமராக்காரன் நெருங்கிப் போனான்.

சிவப்பு விளக்கு அணைந்தது.
விளக்கு மட்டும்.

என் காதுக்குள் அமைச்சர் இன்னும் இருந்தார்:
தண்ணீர் தொண்டையில் இறங்கும் ஓசை,
சட்டை உரசல், வயிற்றின் முணுமுணுப்பு,
அப்புறம் அந்த வாக்கியம்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
கருவாடு என்ற சொல் இருந்தது,
விதவைகள் என்ற சொல் இருந்தது,
இரண்டுக்கும் நடுவே ஒரு ‘போல’ இருந்தது.
போதும்.

விடிவதற்குள் நாடெல்லாம் போய்விட்டது.
ஒன்பது நொடி.
பேருந்தில், மருந்துக்கடை வரிசையில்,
பல் மருத்துவரிடம் வாய் திறந்து கிடந்தவனின்
சட்டைப்பையில்கூட அதே ஒன்பது நொடி.
தன் வாயால் கெடும் தவளைக்கு
மழைக்காலம்தானே வாய்த்தது.
மதியம் அமைச்சகப் படிக்கட்டில் நின்று பதவி விலகினார்.
குடை பிடித்தவன், பேச்சு முடியுமுன்னே
குடையோடு உள்ளே போய்விட்டான்.

புதிய அமைச்சர் வந்தார்.
மேசை பழையதுதான்.

நான் கொடுத்த பதிவு பதின்மூன்று நொடி.
தயாரிப்பாளர் டெல்ஃபின் கைதேர்ந்தவர்,
மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுவார்,
தையல் தெரியாது.
மிச்சம் நான்கு நொடி
என் மேசை இழுப்பறையில், பட்டன் பேட்டரிகளோடு.
அதில் கிளாரிஸ் சிரிக்கிறார்.
முதலில் விக்கல் மாதிரி, பிறகு தாராளமாக.
“அட பாவி” என்கிறார், பிரியமாக.

அன்றிரவுச் செய்தியை அவரே வாசித்தார்.
மனசாட்சி என்ற இடத்தில் குரல் லேசாகத் தட்டியது,
நான்தான் நிரவிவிட்டேன்.
சம்பளம் அதற்குத்தான்.
வசந்தத்தில் அந்த நேர்காணலுக்கு விருது,
கண்ணாடியில் வார்த்த ஒரு பேனா.
வரவேற்பறையில் இருக்கிறது.
வாரம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது,
இழுப்பறையைத் திறந்து
ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டேன்.
கிளாரிஸுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு.
தூரத்தில், மைக் மாட்டாத யாரோ.
மூக்கு வழியே வருகிற சிரிப்பு.
சின்ன வயதில் என் அண்ணன்
அதை நடித்துக் காட்டி என்னை அழ வைப்பான்.

நேற்று இடலீனா ஃபங்கெய்ரு வந்திருந்தார்,
படகை ஓட்டியவரின் மனைவி,
விடிகாலை ரயிலில், ஓராண்டு நினைவு நிகழ்ச்சிக்கு.
ஐந்து குடும்பத்துக்குப் பணம் வந்துவிட்டதாம்.
அவருடையது ஆறாவது.
கறுப்புக் கம்பளிச் சால்வையில் மைக் நிற்காது, உரசும்.
இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.
அவர் கை என் மணிக்கட்டைப் பற்றியது,
உப்புத்தாள் போன்ற கை.
“தனியாக இருக்கிற மனுஷன் வேடிக்கை பேச மாட்டானே, பெண்ணே.
அன்றைக்கு யார் சிரித்தது?”

ஒலி சரிபார்க்க வேண்டும் என்றேன்,
ஒன்று இரண்டு மூன்று சொல்லுங்கள்.

சொன்னார்.
மூன்றில் நிறுத்தவில்லை.
நான்கு. ஐந்து. ஆறு.
ஏழு என்றபோது
மானியின் முள் பச்சையைவிட்டு நகரவே இல்லை.

அளவு சரியாக இருக்கிறது என்றேன்.