ஒரு தேதிக்கு ஒரு வீடு

டிக்பி துறையில் இன்று காலை ஆறு நாற்பதுக்குத்
தண்ணீர் இரண்டு மீட்டர்.
அட்டவணையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
சிப்பிப் படகுகள் ஏணிக்கு அடியில்
எங்கோ பாதாளத்தில் கிடந்தன.
மதியம் அதே படகுகள் சாலைக்குச் சமமாக நிற்கும்.

எட்டாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர்.
அட்டவணையைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
நேரத்தைச் சொன்னால் நீர்மட்டம் ஒன்று வரும்;
இரண்டு வராது, வராமலும் போகாது.
அதற்குப் பெயர் சார்பு.
திருப்பிக் கேளுங்கள்: நாலு மீட்டர் எப்போது?
விடியுமுன் ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம்,
பள்ளி விட்ட பிறகு,
அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்கு மேல்.
"நாலு பதில் தெரிஞ்சா அது தப்பா?" என்றாள் ஆடெல் கோமோ.
தப்பில்லை. வேறு பெயர்.

பிறகு வரைபடத் தாள்.
ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து
இடமிருந்து வலமாக நகர்த்தச் சொன்னேன்.
எங்கே நிறுத்தினாலும் ஒரே இடத்தில் தொட்டால்
கோடு தப்பித்தது.
வட்டம் மாட்டிக்கொண்டது.
பக்கவாட்டில் படுத்த பரவளையம் மாட்டிக்கொண்டது.
லீலண்ட் தன் கையெழுத்தைச் சோதித்தான்:
முதல் எழுத்திலேயே மூன்று இடத்தில் மாட்டியது.
உடனே எல்லோரும் அவரவர் கையெழுத்தைப் போட்டு
ஸ்கேலை வைத்தார்கள். ஒருவரும் தேறவில்லை,
நானும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் அம்புக்குறிப் படம்.
இடது முட்டையில் பெயர்கள், வலது முட்டையில் வீடுகள்.
அண்ணன் தங்கை அம்புகள்
ஒரே வாசலில் போய் இறங்கலாம்,
குற்றமில்லை என்று சொல்லிவைத்திருந்தேன்.
ரோவன் தர்பர் பலகைக்கு வந்து
தன் பெயரிலிருந்து இரண்டு அம்பு போட்டான்.
ஒன்று மீன் ஆலைக்குப் பின்தெரு, மாடி, அம்மா.
இன்னொன்று இரண்டு ஃபெரி தாண்டித்
தீவில், அப்பா.
மார்க்கரை மூடிவிட்டு
"நான் சார்பு இல்லை" என்றான்.
மழை தூறுது என்கிற மாதிரிதான் சொன்னான்.

இருபது வருடமாக நடத்துகிற பாடம்.
உதாரணம் எடுக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.
அவசரத்தில் பாடப் புத்தகம்தான் வாயில் வந்தது:
எல்லாச் சார்பும் உறவே,
எல்லா உறவும் சார்பாக வேண்டியதில்லை.
சொல்லி முடித்த பிறகே
எனக்கே அது காதில் விழுந்தது.

ஆடெல், கூப்பிடாமலே எழுந்து வந்து
அவன் பெயரைப் புறங்கையால் அழித்தாள்.
"உன் பேரை எடு, தேதியைப் போடு.
ஒரு தேதிக்கு ஒரு வீடுதானே?"
ஒன்று முதல் முப்பது வரை அவளே எழுதினாள்.
ரோவன் அம்பு போடத் தொடங்கினான்.
மாடி, மாடி, மாடி, மாடி, தீவு, தீவு,
திரும்ப மாடி.
பதினேழில் கை நின்றது.

அன்று காற்று. இரண்டாவது ஃபெரி ஓடவில்லை.
இறங்குதுறை வரிசையில் அப்பாவின் லாரிக்குள்
ஹீட்டரைப் போட்டும் அணைத்தும்
விடியும்வரை இருந்தார்கள்.
பாதி சாண்ட்விச் அவனுக்கு, பாதி நாய்க்கு.
"இதுக்கு எங்கே போடறது, மிஸ்?"

அம்பில்லாமல் ஒரு தேதி நின்றாலும்
சார்பு ஆகாது என்பது
நாளைக்கு என்று நான் வைத்திருந்த பாடம்.
லாரியையும் வீடுகளில் சேர் என்றது ஒரு கட்சி.
சக்கரம் இருந்தால் வீடாகாது என்றது மறு கட்சி.
தன் மாமா பஸ்ஸில் குடியிருப்பதாக
லீலண்ட் சாட்சி சொன்னான்.
வலது முட்டைக்குள் எதை வைப்பது என்பது
நம் இஷ்டம்தான் என்றேன்.
கணக்கு அதைத் தடுப்பதில்லை.

மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன.
ரோவன் மட்டும் நின்று
முட்டைக்குள், ஓரக்கோட்டை ஒட்டி
ஒரு லாரி வரைந்தான்.
பதினேழிலிருந்து அம்பை இழுத்துச்
சாப்பாட்டுக்கு ஓடினான்.

ஜன்னலில் படகுகளின் கூரைகள் தெரியத் தொடங்கியிருந்தன.
மேசையில் யாரோ விட்டுப்போன அட்டவணை.
அடியில், பொடி எழுத்தில்:
காற்று இருந்தால் கூடலாம், குறையலாம்.