பொதுக்குறிப்பு

ஸ்காபரோ வளாக நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு
நன்கொடையாக வந்தவை:
முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், பதினாறு பெட்டி.
எங்களூரில் கல்வெட்டு என்போம்.
திரை கேட்கிறது, ஆசிரியர் யார்?
செத்தவரா,
தேவாரம் தெரிந்து கொடுத்த மருமகனா?
பொருள் என்ன என்கிறது அடுத்த கட்டம்.
மரணம் என்று இட்டால்
மருத்துவ நூல்களோடு போய் நிற்கும்.

வியாழக்கிழமை, பனி சேறான மத்தியானம்,
ஒருவர் படிவம் நிரப்பித் தந்தார்.
பெட்டி பதினாலு, மலர் ஆறு:
அமரர் தையல்முத்து ஐயம்பிள்ளை.
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
பென்சில் கொடுத்தேன். அது விதி.

ஒன்பதாம் பக்கத்தில் வம்சம்.
மூன்று கிளை,
மருமக்கள், பேரர்,
மிசிசாகாவில் போன மாதம் பிறந்த
பூட்டப்பிள்ளை வரைக்கும் அச்சில்.
நாலாவது கிளை
சப்பாத்து நீர் சொட்ட
என் மேசைக்கு முன்னால் இருந்தது.

"இதுக்கு வேற பதிப்பு ஏதும் இருக்குமோ, தங்கச்சி?"

இல்லை என்றேன்.
தலையாட்டினார். அட்டைப்படத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
நூலகம் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது,
போய்விட்டார்.

பக்கத்தை விளக்கடியில் சரித்துப் பார்த்தேன்.
கீறல் ஒன்றுமில்லை.
பென்சில் கூர் மழுங்காமல் கிடந்தது.

பதிவைத் திறந்தேன்.
ஆசிரியர் இடத்தை வெறுமையாகவே விட்டேன்.
பொதுக்குறிப்பில் தட்டினேன்:
ப. 9, கிளை ஒன்று குறைவு.

மேலாளர் எலினோர் கேட்டால்
தாள் சேதம் என்பேன்.