புள்ளி

முருகன்குறிச்சியில் டிடிபி கடை வேலை எனக்கு.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
கோயில் கொடை, அசனப் பண்டிகை.
அவசரத்தில் எழுதிக் கொண்டுவருகிற தாளில்
அன்பன் அனபன ஆகியிருப்பான்.
விட்ட புள்ளிகளை நாள் முழுக்க வைத்துக் கொடுப்பேன்.

ஹைகிரவுண்டில் டாக்டரம்மா அறிக்கையைப் பிரித்தார்.
மரபணுவின் பெயர் பிஎச்எஃப் எட்டு.
எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது.
அது சொல்லிச் செய்கிற நொதி ஒரு டிமெத்திலேஸ்.
மெத்தில்னா என்ன மேடம்?

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு நூல்கண்டு வரைந்தார்.
அதற்கு ஒரு வால்.
வாலின் ஒன்பதாவது மணியில் இரண்டு பொட்டு.
பொட்டு இருக்கும்வரை
அந்த இடத்து மரபணு வாய் திறக்காது.
நொதி வந்து எடுக்க வேண்டும்,
மடியில் ஓர் இரும்பணுவை வைத்துக்கொண்டு.
உங்கள் பையனுக்கு நொதி வருகிறது, கை சரியில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. என் பிழைப்பு அல்லவா அது.
க் மூடிய வாய்.
புள்ளியை எடுத்தால்
க.
மெய்க்குள் அகரம் மூச்சுவிடுகிறது.

எடுத்த பொட்டு எங்கே போகும் என்று கேட்டேன்.
ஃபார்மால்டிஹைடாகப் போகும் என்றார்.
பிணவறையில் அடிக்குமே, அந்த வாடைதான், அணு அளவில்.
நான் பேசக் கற்ற நாளெல்லாம்
அது எனக்குள் அடித்திருக்கிறது.

ஆமோசுக்கு ஏழு வயது.
பிளந்த மேலுதட்டைத் தைத்தாயிற்று, தையல் தெரியாது.
ம் சொல்வான். ம வராது.
ம் என்றால் பசி.
ம் என்றால் வேண்டாம்.
நீளமான ம் என்றால் ரயில்.

தாய் வழியில் யாருக்காவது?
ஒரு கட்டம் போட்டார், என் தம்பி செல்வின்.
குலவணிகர்புரம் கேட்டில் நின்று
கூட்ஸ் வண்டிக்கும் கையசைப்பவன்.
ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது நானாம்.
எனக்கு மேலே இன்னொரு வட்டம்.
அதிலும் வைத்தார்.

செல்வினைச் சுமந்தபோது கிரகணத்தன்று
அம்மா அரிவாள்மணையில் சாளை அறுத்தாளாம்.
முப்பத்தொரு வருஷம் சொன்னார்கள்.
சித்தி சொன்னாள், அப்பா சொன்னார்,
குடித்துவிட்டும் சொன்னார், குடிக்காமலும் சொன்னார்.
அம்மா நம்பியே செத்தாள்.
அதற்கப்புறம் அவள் மீன் அறுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அவளுக்குப் பத்தாம் ஆண்டு நினைவு.
படத்தை வைத்தேன், சிலுவையை வைத்தேன்,
வசனத்துக்குக் கீழே ஒரு வரி அடித்தேன்:
அது கிரகணம் இல்லை.

பிரிண்ட் எடுக்க வந்த பொன்னுசாமி
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான்.
எக்கா, இதுல ஏதோ தப்பு விழுந்திருக்கு.

புள்ளியெல்லாம் சரியா இருக்கால?
இருக்கு.
அப்போ அடி.