திணை மயக்கம்

குரோமரில், மீன் பொரிக்கும் கடைக்கு மேலே
வாடகைக்கு எடுத்த அறை.
அரை மில்லிமீட்டர் சல்லடையில் மிஞ்சியதை
ஈரத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுப் பிரிக்கிறேன்.

நீரெலியின் கடைவாய்ப் பல், நானூற்றுப் பதினொன்று.
தவளைத் தொடையெலும்பு, மூன்று.
மீன் முள் ஒன்று;
கீழ்க்கடையுடையது அல்ல, பார்த்துவிட்டேன்.
மனிதர், இல்லை.

பல்லுக்கு வேர் இருந்தால் பழைய எலி.
வேர் விடாமல் சாகும்வரை வளர்ந்தால்
பின்னால் வந்த எலி.
எங்களிடம் இருக்கும் கடிகாரம் இதுதான்.
மணி மட்டும் சொல்லும், நிமிடம் சொல்லாது.

சேர்த்து வைத்தது ஆந்தை.
விழுங்கியது, செரிக்காததைக் கக்கியது,
மறுநாளும் அதே கிளைக்கு வந்தது.
எங்கள் ஊரில் அது அலறினால் சாவு.
இங்கே அது கணக்கப்பிள்ளை,
அதுவும் தான் தின்றதை மட்டும் எழுதும் கணக்கப்பிள்ளை.
ஆந்தையால் தூக்க முடியாத எதுவும்
என் தட்டில் இல்லை.

தேர்வுக்காக உருப்போட்டது
இத்தனை வருடம் கழித்து உதவுகிறது:
மான் என்றால் முல்லை,
நீர்நாய் என்றால் மருதம்,
கருப்பொருளைப் பிடித்துக்கொண்டு நிலத்துக்குப் போ.
பனிமானும் நீர்யானையும் ஒரே வாளியில் வந்தால்
மயக்கம் திணையில் இல்லை,
குன்று சரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை ஹெஸ்டர் படியேறி ஓடிவந்தாள்.
மான் காலெலும்பு. குறுக்கே நான்கு கீறல்.
"கல் கத்தி" என்றாள், மூச்சு வாங்க.
அவ்வளவுதான்,
ஒருத்தி குந்தி உட்கார்ந்து தசைநாரை அறுக்கிறாள்,
எதிர்க்கரையில் கழுதைப்புலி முறை பார்த்து நிற்கிறது,
ஒரு குடும்பமே அறைக்குள் வந்துவிட்டது.
தேநீர் ஆறிப்போயிற்று.

லென்சுக்கு அடியில்
கீறலின் பள்ளம் வெளேரென்று இருந்தது.
பழைய வெட்டு எலும்போடு சேர்ந்து கறுத்திருக்கும்.
இது என் கரணை.
மழை வருமுன் முடிக்க வேண்டுமென்ற அவசரம்.

அட்டையில் எழுதினேன்:
கீறியது, மனிதர்.
காலம், செவ்வாய்க்கிழமை.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை.
சன்னலுக்கு வெளியே கடல்
இன்னும் கொஞ்சம் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.
"இருந்தார்களா, இல்லையா, அதைச் சொல்."

புல் இருந்தது, என்றேன்.
அவசரமில்லாத ஓர் ஆறு இருந்தது.
ஆந்தை உட்கார ஒரு மரம் இருந்தது.
வந்திருந்தால் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள்.

அவள் எலும்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
வேர் இருக்கிறது.